விலை கொடுத்தவனுக்கே விலங்கு

மின்னூல் விற்பனையைப் பற்றிப் பேச்செடுத்தால், பிரசுரகர்த்தர்களும் அவர்களுடைய சரக்கை விற்றுத் தரும் பெரிய ஸ்தாபனங்களும் ஒரே குரலாகச் சொல்லிவரும் வாதம் ஒன்று உண்டு. புத்தகக் கோப்பைப் பூட்டி விற்காவிட்டால் அது ஒரே இரவில் ஆயிரம் பேர் கைக்குப் போய்விடும், எழுதியவன் வயிற்றில் ஈரத்துணிதான்; பூட்டினாலோ கஷ்டம் திருடனுக்கே தவிர, யோக்கியமாகப் பணம் கொடுத்துப் படிப்பவனுக்கு யாதொரு இடையூறும் இல்லை; அப்படியே சிறிது இருந்தாலும், அவன் வாங்குவது புத்தகத்தை அல்ல, படிக்கும் அனுமதியைத்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதால் குறைகூற அவனுக்கு நியாயம் கிடையாது என்பது அந்த வாதம். கேட்பதற்கு வெகு பொருத்தமாகத் தோன்றும் இதை எழுத்தாளர்கள் பலரும் நம்பிவிட்டார்கள். நானும் எழுதிப் பிழைப்பவன். என் புத்தகத்தை ஒருவர் திருடிப் படித்தால் எனக்கு நஷ்டம் என்பதை அறியாதவன் அல்லன். ஆயினும், பத்து வருஷங்களாக மின்னூல்களை வாங்கியும் விற்றும் பார்த்த அனுபவத்தில், இந்த வாதத்தின் அங்கங்களில் ஒன்றுகூட நிலைக்காது என்பதே என் அபிப்பிராயம்.

முதலில், பூட்டு திருட்டைத் தடுக்கும் என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். டிஆர்எம் என்ற சுருக்கப் பெயரால் வழங்கும் இந்தப் பூட்டு, புத்தகத்தின் எழுத்துக்களைச் சங்கேத ரூபமாக மாற்றிவிட்டு, அவற்றைத் திரும்பவும் படிக்கத்தக்கதாக ஆக்கும் சாவியை வாங்கியவரின் கணக்கோடும் கருவியோடும் பிணைத்து வைக்கும் ஏற்பாடு. இருவர் தமக்குள் சங்கேதத்தில் கடிதம் எழுதிக்கொள்ளும்போது, எழுதுபவரும் பெறுபவரும் நண்பர்கள். நடுவில் ஒட்டுக்கேட்பவன் ஒருவனே பகைவன். அவன் கைக்குச் சாவி போவதில்லை. மின்னூல் விஷயத்திலோ, யாரைச் சந்தேகித்துப் பூட்டுகிறார்களோ அவர் கையிலேயே சாவியையும் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. கொடுக்காவிட்டால் அவர் வாங்கிய புத்தகத்தை அவரே படிக்க முடியாது. ஆகவே, சாவியைக் கொடுத்துவிட்டு அது இருக்கும் இடத்தை மட்டும் சொல்லாமல் மறைப்பதுதான் இந்த வித்தையின் சாரம். மறைத்ததைத் தேடிக் கண்டுபிடிக்க உலகத்தில் ஒரே ஒருவருக்குச் சாமர்த்தியம் இருந்தால் போதும். மற்ற லட்சம் பேரும் பூட்டை உடைக்க வேண்டியதில்லை, உடைத்துவைத்த பிரதியை எடுத்துக்கொண்டால் தீர்ந்தது.

இது வெறும் தர்க்கம் அன்று. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஸ்டீபன் கிங் என்ற அமெரிக்க நாவலாசிரியர் ‘ரைடிங் தி புல்லட்’ என்னும் நெடுங்கதையை மின்னூலாக மட்டும் வெளியிட்டபோது, முதல் நாளிலேயே ஏறக்குறைய 4 லட்சம் பிரதிகள் போயின. கோப்புக்குப் போட்டிருந்த சங்கேதப் பூட்டோ சில தினங்களுக்குள் உடைக்கப்பட்டது. இதைக் காட்டிலும் எனக்கு அர்த்தபுஷ்டியுள்ளதாகப் படுவது ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாம் நாவலுக்கு நேர்ந்தது. அது 2007 ஜூலை 21-ஆம் தேதி வெளிவந்தது. அந்த வரிசைக்கு அப்போது மின்பதிப்பே கிடையாது. ஆசிரியை அதற்குச் சம்மதித்திருக்கவில்லை. அப்படியிருந்தும், புத்தகம் கடைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே, யாரோ அச்சுப் பிரதியின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புகைப்படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். பூட்டுவதற்கு ஒரு மின்னூலே இல்லாத இடத்திலும் திருட்டு நடந்ததென்றால், காகிதமும் காமிராவும் உள்ள வரையில் எந்தப் பூட்டு எதைத் தடுக்கப் போகிறது? நம் பக்கத்திலும் டெலிகிராம் குழுக்களில் உலவும் தமிழ்ப் புத்தகங்களில் பலவற்றைத் திறந்து பார்த்தால், பக்க ஓரத்தில் நூல்நிலைய முத்திரையும் பிரதியெடுத்தவர் கட்டைவிரலும் தெரியும். அவை பூட்டை உடைத்து வந்தவை அல்ல.

இரண்டாவதாக, யோக்கியமான வாசகனுக்கு இடையூறு இல்லை என்று சொல்லப்படுகிறது. இதைச் சொல்பவர்கள் அந்த வாசகனைக் கண்டு பேசியதில்லை என்றே நினைக்கிறேன். 2009-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அமேசான் நிறுவனம் தன் கிண்டில் கருவிகளில் வாசகர்கள் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்த ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’, ‘அனிமல் ஃபார்ம்’ ஆகிய நாவல்களின் ஒரு பதிப்பை, அவர்களைக் கேளாமலே தூரத்திலிருந்து அழித்தது. அந்தப் பதிப்பைக் கடையில் ஏற்றியவருக்கு அமெரிக்காவில் விற்கும் உரிமை இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காரணம் மெய்யானதுதான், பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது, நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். ஆனால் பாடத்துக்காக அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு பள்ளி மாணவன் எழுதி வைத்திருந்த குறிப்புக்கள், எந்த வரிக்காக எழுதப்பட்டனவோ அந்த வரியே போய்விட்டபடியால், ஆதாரமற்று நின்றன. அவன் வழக்குத் தொடுத்தான்; அது அந்த ஆண்டிலேயே சமரசத்தில் முடிந்தது. புத்தகக் கடைக்காரர் தாம் விற்ற பிரதியில் ஏதோ வில்லங்கம் இருப்பதாகத் தெரிந்ததும், நாம் தூங்கும்போது வீட்டுக்குள் புகுந்து அலமாரியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு, மேஜைமேல் காசை வைத்துவிட்டுப் போனார் என்றால் அவரை நாம் நாணயஸ்தர் என்று கொண்டாடுவோமா? காசு குறையாமல் இருந்தது என்பது அங்கே ஒரு பதிலாகுமா?

கடையே மூடிப்போகும்போது நிலைமை இன்னும் மோசம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019 ஏப்ரலில் தன் மின்னூல் கடையை மூடியது. ஜூலையிலிருந்து, அங்கே வாங்கியிருந்த அத்தனை புத்தகங்களும் வாசகர்களுடைய கருவிகளில் திறவாமல் போயின. முழு விலையும் திருப்பித் தரப்பட்டது. புத்தகங்களில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்கு மேற்கொண்டு 25 டாலர் வரவு வைக்கப்பட்டது. ஒருவன் ஓர் ஆண்டுக் காலம் ஒரு நூலோடு வாழ்ந்து அதன் ஓரங்களில் எழுதிய எண்ணங்களுக்கு விலை 25 டாலர் என்று யார் மதிப்பிட்டார்கள், எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. பிரிட்டனில் நூக் என்ற மின்னூல் கடை 2016 மார்ச்சில் மூடப்பட்டபோது அதன் வாடிக்கையாளர்களை செயின்ஸ்பரீஸ் என்ற வேறொரு வியாபாரியிடம் ஒப்படைத்தார்கள். அவரும் அதே ஆண்டில் மின்னூல் வியாபாரத்தைக் கைவிட, அவர்கள் கோபோ என்ற மூன்றாவது வாசலுக்குப் போக நேர்ந்தது.

என் சொந்த அனுபவத்தையும் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் நாற்பதுக்கு மேற்பட்ட புத்தகங்களை வாங்கியிருந்தேன். கைபேசி பழுதாகி, புதியதை வாங்கி, எண்ணையும் மாற்ற வேண்டிவந்தபோது, கணக்கைத் திறப்பதற்கான ஓடிபி, என்னிடம் இல்லாத பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரம் மின்னஞ்சல் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் வந்தது. ஒவ்வொரு பதிலிலும் ஓடிபியைப் பதிவிடச் சொல்லியிருந்தது. கடைசியில், அவற்றில் மிகவும் வேண்டிய ஆறு புத்தகங்களை வேறிடத்தில் இரண்டாம் முறை விலை கொடுத்து வாங்கினேன். அதே நூல்கள் ஒரு குழுவில் இனாமாகக் கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் அன்று சொன்னார். நான் எடுக்கவில்லை. ஆனால் விலை கொடுத்த நான் வாசலில் நிற்கையில், கொடாதவர்கள் உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள் என்ற நினைவு இன்னும் கசக்கிறது.

கடை நன்றாக நடக்கும்போதும் தொந்தரவுக்குக் குறைவில்லை. அடோபி முறைப்படி விற்கும் கடையில் பணம் கட்டினால் இறங்குவது புத்தகம் அன்று, ஏசிஎஸ்எம் என்ற ஒரு சிறு சீட்டு. அதற்கென்று ஒரு மென்பொருளை நிறுவி, தனியாக ஒரு கணக்கைத் திறந்து, அந்தக் கணக்குக்குரிய கருவிகளின் வரையறைக்குள் இருந்தால்தான் சீட்டு புத்தகமாகும். அமேசானில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி வெகுகாலம் இருந்தது. அதையும் 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது வாதம் ஒப்பந்தத்தைப் பற்றியது. விற்றது அனுமதியே, புத்தகம் அன்று என்று எழுதியிருக்கிறதாம். எங்கே எழுதியிருக்கிறது? யாரும் படிக்காத நீண்ட நிபந்தனைப் பத்திரத்தின் நடுவில். பொத்தானில் எழுதியிருப்பதோ ‘வாங்கு’ என்ற ஒரே சொல். இந்தச் சொல் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறது என்பதை உணர்ந்துதான், கலிபோர்னியா மாகாணம் 2024-இல் ஒரு சட்டம் செய்து, வெறும் அனுமதியை விற்பவர் அது அனுமதிதான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற வார்த்தையைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 ஜனவரி முதல் விதித்திருக்கிறது. இது தவிர, புத்தகத்தின்மேல் நிபந்தனை எழுதிவைத்து, விற்ற பிறகும் அதன்மீது அதிகாரம் செலுத்தும் ஆசை பிரசுரகர்த்தர்களுக்குப் புதிதும் அன்று. அமெரிக்காவில் ஒரு பிரசுராலயம், தன் நாவலை எந்த வியாபாரியும் ஒரு டாலருக்குக் குறைத்து விற்கலாகாது என்று உள்பக்கத்தில் அச்சிட்டிருந்தது. மேசீஸ் கடை அதை 89 செண்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒரு முறை விற்ற பிரதியின் மறுவிற்பனையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைப் பதிப்புரிமை கொடுக்கவில்லை என்று 1908-இல் தீர்ப்பாயிற்று. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவும், ஒரு முறை விற்கப்பட்ட பிரதி புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதியே என்று சொல்கிறது.

எதிர்த்தரப்பார் இங்கே ஒன்று சொல்லலாம். அதை மறைப்பது நேர்மையாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 டிசம்பரில், மின்னூலை வாங்கியவர் அதை மறுபடி விற்க, ஒரு முறை விற்ற பிரதியின்மேல் அதிகாரம் இல்லை என்ற இந்தக் கொள்கை இடம்தராது என்று தீர்ப்பளித்திருக்கிறது. மின்னூல் பழசாவதில்லை, பழைய பிரதியும் புதியதும் ஒன்றே என்பதால் அந்தத் தீர்ப்பில் காரணமும் இருக்கிறது. ஆனால் நான் மறுவிற்பனைக்கா வாதாடுகிறேன்? வாங்கியதை வைத்துக்கொள்ளவும், கருவி மாறினால் கூடவே எடுத்துப் போகவும், கண் மங்கினால் எழுத்தைப் பெரிதாக்கியோ குரலாக்கியோ அனுபவிக்கவும் உரிமை கேட்கிறேன், வேறெதுவும் இல்லை.

குரல் என்றதும் பார்வையற்றவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 2009-இல் கிண்டில் கருவிக்குப் புத்தகத்தை உரக்கப் படிக்கும் சக்தி வந்தபோது, எழுத்தாளர் சங்கம் ஒன்று ஆக்ஷேபித்தது; உடனே, எந்த நூலுக்கு அந்தக் குரலை அடைப்பது என்று தீர்மானிக்கும் வசதி பிரசுரகர்த்தர்களுக்கு அளிக்கப்பட்டது. அந்த ஏப்ரலில் பார்வையற்றவர்கள் நியூயார்க்கில் அந்தச் சங்கத்தின் வாசலில் நின்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள். இவர்களுக்காகவே 2013-இல் மராக்கேஷ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதை முதன்முதலாக அங்கீகரித்த தேசம் நம்முடையது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஊனமுற்றோர் படிக்கத்தக்க வடிவத்துக்கு நூலை மாற்றுவதை அனுமதிக்கிறது. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவும், உரிமையைக் களவாடும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவனுக்கே தண்டனை விதிக்கிறது. சட்டம் மனிதனுடைய எண்ணத்தைப் பார்க்கிறது. பூட்டுக்கோ எண்ணம் தெரியாது, காலமும் தெரியாது. ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளுக்குப் பின் நூல் எல்லோருக்கும் சொந்தமாகிறது. அன்று வந்து பூட்டைத் திறப்பதற்கு ஒருவரும் இல்லை.

கடைசியாக, எழுத்தாளன் பட்டினி கிடப்பான் என்ற பயமுறுத்தல். சங்கீத வியாபாரிகளும் இதையேதான் சொன்னார்கள். 2009-இல் ஐட்யூன்ஸ் கடை பாட்டுக்களின் பூட்டைக் கழற்றியது, பாட்டு விற்பது நிற்கவில்லை. டோர் என்ற விஞ்ஞானக் கதைப் பதிப்பகம் 2012-இல் தன் மின்னூல்கள் அனைத்தையும் பூட்டின்றி விற்கத் தொடங்கியது. அதன் பிரிட்டிஷ் கிளை ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்து, திருட்டு அதிகமானதாகத் தெரியவில்லை என்று அறிவித்தது. ஹாரி பாட்டர் நூல்களே 2012-இல் மின்னூலாக வந்தபோது, பூட்டுக்குப் பதிலாக, வாங்கியவரை அடையாளம் காட்டும் நீர்க்குறிதான் இடப்பட்டது. யாரை நம்பி விற்கிறோமோ அவர் பெயரை உள்ளே பொறிப்பது அவரை மதிப்பதாகும்.

எழுத்தாள நண்பர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கக் கோருகிறேன். பூட்டு நம் நூலுக்குப் போடப்பட்டாலும் சாவி நம்மிடம் இல்லை, நம் பிரசுரகர்த்தரிடமும் இல்லை; கடையிடம் இருக்கிறது. ஒரு வாசகர் ஒரே கடையில் இருநூறு புத்தகங்கள் வாங்கிவிட்டால், அவற்றை விட்டுவிட்டு இன்னொரு கடைக்குப் போக அவருக்கு மனம் வராது. வாசகர்கள் நகர முடியாத அந்தக் கடையை விட்டு நாமும் நகர முடியாது. அது நாளைக்கு நம் பங்கைக் குறைத்தால் பேரம் பேச நமக்கு இடம் இராது. இந்தப் பூட்டினால் நிச்சயமாக லாபம் அடைபவர் யார் என்பதற்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டுமா?

அமேசான் கிண்டிலில் 2016 டிசம்பர் முதல் தமிழ் நூல்களும் விற்பனையாகின்றன. அங்கே நாமாக ஒரு நூலை ஏற்றும்போது, பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கேள்வி வரும். பலர் யோசியாமல் வேண்டும் என்று குறித்துவிடுகிறார்கள். என்னுடைய கட்டுரைத் தொகுதிக்கு நான் வேண்டாம் என்று குறித்திருக்கிறேன். என் மற்ற நூல்களை வெளியிடும் பிரசுரகர்த்தரும் அவ்வாறே குறிக்க வேண்டுமென்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.