தும்பிக் கணக்கில் பூஜ்யம் எங்கே?

வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இந்தச் செய்தி வந்துவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏதாவது ஒரு சரணாலயம், மூன்று நாள் கணக்கெடுப்பு, தன்னார்வலர்கள் இத்தனை பேர். தும்பிகளும் ஊசித்தும்பிகளுமாக இத்தனை வகை, அதில் இந்த மலைக்கு மட்டுமே உரியவை இத்தனை, போன முறையைவிட நான்கு வகை கூடுதல். கூடவே கண்ணைப் பறிக்கும் ஒரு படம். பார்த்து மகிழ்ந்து நாலு குழுவுக்கு அனுப்பிவிட்டு நாமும் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

‘போன முறையைவிட நான்கு வகை கூடுதல்’ என்ற வரியோடுதான் எனக்குச் சண்டை. அந்த வரிக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. பொய் என்று சொல்லவில்லை. நான்கு வகை கூடுதலாகப் பார்த்திருப்பார்கள், படமும் இருக்கும். ஆனால் காட்டில் என்ன நடந்தது என்று அந்த வரியிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ஓடை நன்றாக இருந்தாலும் நான்கு கூடும், செத்துக்கொண்டிருந்தாலும் நான்கு கூடும்.

நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. படித்தது பொறியியல், பிழைப்பு மென்பொருள். ஆனால் இந்த எதிர்ப்பு என் தொழிலிலிருந்தே வருகிறது. டேட்டாபேஸ் எழுதுகிறவர்களுக்கு முதல் மாதமே யாராவது சீனியர் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு: பூஜ்யம் வேறு, ‘நல்’ வேறு. கணக்கில் பூஜ்யம் என்றால் பணம் இல்லை. நல் என்றால் பணம் இருக்கிறதா இல்லையா என்று நமக்குத் தெரியாது. ஒன்று பதில், இன்னொன்று பதில் இல்லாமை. இரண்டையும் ஒன்றாகக் கருதும் நிரல் ஏதோ ஒரு நாள் யாரோ ஒருவருடைய சம்பளத்தை விழுங்கும். நம் தும்பிக் கணக்கெடுப்புகளில் பெரும்பாலானவற்றில் பூஜ்யம் என்ற எண்ணே கிடையாது. பார்த்ததை எழுதுகிறோம். தேடியும் கிடைக்காததையும் தேடவே போகாததையும் ஒரே வெற்றிடத்தில் விட்டுவிடுகிறோம்.

இது ஏன் தும்பிக்கு இவ்வளவு முக்கியம்? தட்டான், தட்டாரப்பூச்சி என்று ஊருக்கு ஒரு பெயரில் நமக்குத் தெரிந்த இந்தப் பூச்சி, வாழ்நாளின் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள் லார்வாவாகத்தான் கழிக்கிறது. வகையைப் பொறுத்துச் சில வாரம், சில மாதம், சிலவற்றுக்குச் சில வருடம். நாம் பார்க்கிற சிறகு கடைசிச் சில வாரக் கதை. எனவே ஒரு ஓடையில் ஒரு வகை வளர்கிறது என்றால் அந்த ஓடையின் தண்ணீர், வேகம், நிழல், கல், மணல் எல்லாவற்றுக்கும் அது சாட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையில் தெரிந்த வகைகள் சுமார் 200, அதில் 80-ஐ ஒட்டியவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. யூஃபேயா இனத்து ஊசித்தும்பிக்குத் தண்ணீர் பாறையில் மோதி ஓட வேண்டும், லார்வா கல்லுக்கடியில் ஒட்டிக்கிடக்க வேண்டும். புரோட்டோஸ்டிக்டா இனத்து மெல்லிய ஊசித்தும்பிகளுக்குச் சோலையின் இருட்டும் நீர் கசியும் கரையும் வேண்டும். இவ்வளவு நல்ல சாட்சியைக் கூண்டில் ஏற்றி, ‘உங்கள் பெயர் என்ன’ என்று மட்டும் கேட்டு இறக்கிவிடுகிறோம்.

சாதாரணக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஓர் ஓடையில் ஒரு வகை உண்மையிலேயே இருக்கிறது, ஒருமுறை போனால் கண்ணில் பட 30 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரே முறை போய்த் திரும்பினால் அதைத் தவறவிட 70 சதவீத வாய்ப்பு. மூன்று முறை போனால் 34 சதவீதம். ஆறு முறை போனால்தான் 12 சதவீதத்துக்கு இறங்கும். மேகம் மூடினால் தும்பி இறங்கி உட்கார்ந்துவிடும், அந்த வாய்ப்பும் குறையும். இப்போது போன வருடம் எட்டு குழு போனது, இந்த வருடம் பன்னிரண்டு குழு என்றால் ‘நான்கு கூடுதல்’ எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்தா, குழுவிலிருந்தா? இதைப் பிரித்துச் சொல்லும் கணிதம் புதிதும் இல்லை. மெக்கன்ஸியும் அவருடைய சகாக்களும் 2002-லேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், ஒவ்வொரு முறையும் ‘கண்டேன், காணவில்லை’ இரண்டையும் எழுதினால், ‘இருந்தும் கண்ணில் படாதது’ எவ்வளவு என்று மதிப்பிடலாம். நிபந்தனை ஒன்றுதான், ‘காணவில்லை’ என்பதையும் எழுத வேண்டும். நான் தன்னார்வலனாகப் போன ஒரு கணக்கெடுப்பில் கொடுத்த படிவத்தில் எத்தனை மணி நேரம் தேடினோம் என்று எழுதவே இடமில்லை. ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். வந்த அறிக்கையில் அது இல்லை.

அடுத்த விஷயம் இன்னும் மோசம். எண்ணிக்கை கூடுவதே கெட்ட செய்தியாக இருக்கலாம். சோலைக்குள் ஓடும் ஒரு சிற்றோடையில் தடுப்பணை கட்டுங்கள். மேலே மரம் வெட்டுப்பட்டு வெயில் விழும், தண்ணீர் தேங்கும், வண்டல் கல்லை மூடும். ஓடும் நீரை மட்டுமே நம்பிய ஆறேழு வகைகள் போய்விடும். அந்த இடத்துக்குச் சமவெளிக் குளங்களில் எல்லாம் காணும் பத்துப் பதினைந்து வகைகள் சந்தோஷமாக வந்து சேரும். பிராக்கிதெமிஸ் கண்டாமினாட்டா என்று ஒன்று உண்டு, பெயரிலேயே அசுத்தத்தைச் சுமப்பது, சாக்கடை கலந்த தண்ணீரிலும் குஷியாக வளர்வது. அதுவும் பட்டியலில் ஒன்று, உலகில் இந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லாததும் ஒன்று. கூட்டிப் பார்த்தால் ‘எட்டு வகை கூடுதல்’.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் குழியில் விழாமல் இருக்க ஒரு வழி கண்டார்கள். மைக்கேல் சாம்வேஸ், ஜான் சிமைக்கா ஆகியோர் உருவாக்கிய தும்பி அளவுகோலில் ஒவ்வொரு வகைக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண். எவ்வளவு குறுகிய இடத்தில் வாழ்கிறது, எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது, வாழிடம் கெட்டால் எவ்வளவு தாங்கும் என்று மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 3 வரை. எங்கும் திரிவதற்குப் பூஜ்யம். ஒரு மலையோடையை மட்டும் நம்பியதற்கு ஒன்பது. இப்படிக் கணக்கிட்டால் குளத்து வகைகள் முப்பது வந்து குவிந்தாலும் ஓடை செத்தது மறைய முடியாது.

அவர்களுக்கு இது ஏன் உதவியது என்பது நம் கதைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து போன வாட்டில் மரம், நீலகிரியில் சீகை என்று சொல்கிறோமே அதே சாதி, அங்கேயும் ஓடைக்கரைகளைப் பிடித்துக்கொண்டது. 1995-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இவற்றை வெட்டி அகற்றினார்கள். வெட்டிய பிறகு, அந்த மண்ணுக்கே உரிய தும்பிகள் ஓடைகளுக்குத் திரும்பி வந்ததைச் சாம்வேஸ் குழு ஆதாரத்தோடு காட்டியது. மரம் அடைத்த ஓடை, அகற்றிய ஓடை, கெடாத ஓடை என்று பிரித்து எண்ணி வைத்திருந்ததால்தான் ‘திரும்பி வந்தது’ என்ற சொல்லையே அவர்களால் சொல்ல முடிந்தது. நீலகிரியிலும் அந்நிய மரங்களை அகற்றும் வேலை நடக்கிறது. நல்லது. ஆனால் இன்று வெட்டும் சரிவுக்குக் கீழே ஓடும் ஓடையில் நேற்று என்ன இருந்தது என்று கேட்டால், ‘மாவட்டத்தில் மொத்தம் இத்தனை வகை’ என்ற பட்டியலா பதில் சொல்லும்?

பருவத்துக்கு வருவோம். இந்த மலைக்கே உரிய வகைகளில் பல, தென்மேற்குப் பருவமழையை ஒட்டிப் பறப்பவை. இடியோனிக்ஸ் இனத்தவை மழை தொடங்கும் நாட்களில் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். மழை விட்டு, பாதை காய்ந்து, அட்டை குறைந்த பிறகு நாம் போகிறோம். தன்னார்வலர்களை நான் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைப்பது அந்த நீண்ட வார இறுதிதான். ஆனால் இதே பழக்கம் காகிதத்தில் ஏறும்போது விபரீதமாகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் பல வகைத் திட்டங்களுக்கு ‘பருவமழை தவிர்த்த ஒரு பருவத் தரவு’ போதும் என்பது இங்கே நடைமுறை. அணைகளுக்குக் கூடுதல் பருவங்கள் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். மற்றவற்றுக்கு? மழையில் பறக்கும் பூச்சியை மழையில்லாத நாளில் தேடிவிட்டு, ‘அரிய வகை எதுவும் காணப்படவில்லை’ என்று இணைப்பில் ஒரு வரி. படிக்கும் அதிகாரி அதை ‘அரிய வகை எதுவும் இல்லை’ என்று படிப்பார். நல் பூஜ்யமாகிவிட்டது. எங்கள் ஊழலில் இதற்கு ஒரு உவமை உண்டு: சர்வரில் எர்ரர் எதுவும் வரவில்லை என்று ரிப்போர்ட் வரும். போய்ப் பார்த்தால் லாக் எழுதும் சர்வீஸே நின்றுபோயிருக்கும்.

சிறகையே துரத்துவதிலும் சிக்கல் இருக்கிறது. பறந்து வந்த ஆண் தும்பி ஓடையோரம் உட்கார்ந்திருந்தால் அது அங்கே வளர்ந்தது என்று அர்த்தமில்லை. தொட்டபெட்டா உச்சிக்கு மேல் பாண்டலா கூட்டம் பறந்தால் அது தொட்டபெட்டாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஓடையில்தான் வளர்ந்தது என்பதற்கு அசைக்க முடியாத ஆதாரம், லார்வா கரையேறிக் கல்லிலோ செடியிலோ உரித்துவிட்டுப் போன தோல். அதற்குப் படம் எடுத்தால் விருப்பக்குறி விழாது, காய்ந்த கரப்பான் மாதிரி இருக்கும். ஆனால் டார்ஜிலிங் பகுதி ஓடையில் கிடைத்த லார்வாவை மட்டும் வைத்தே 1921-இல் டில்லியார்ட் எபியோஃப்ளீபியா லெய்ட்லாவி என்ற வகையை விவரித்தார். ஆதிகாலத்து எச்சம் என்று கொண்டாடப்படும் அந்த இமயமலைத் தும்பியின் சிறகுள்ள வடிவம் அறிவியலுக்குத் தெரியவர அதன்பின் சுமார் நாற்பது வருடம் ஆனது. ஓடைக்குள் கைவிட்டுத் தேடியவர் முந்திக்கொண்டார்.

இதைச் சொன்னால் வரும் பதில்கள் எனக்குத் தெரியும். முதல் பதில்: ‘இன்னும் வகைகளே முழுசாகத் தெரியாது, கடந்த பத்தாண்டில் மட்டும் எத்தனை புதிய புரோட்டோஸ்டிக்டா கண்டுபிடித்தார்கள், முதலில் பட்டியலை முடிப்போம்.’ நியாயம்தான். பட்டியல் வேண்டாம் என்று யார் சொன்னது? ராணுவ மருத்துவராக இங்கே வந்த ஃபிரேசர் 1933, 1934, 1936 ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் எழுதினார். இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறோம். ஆனால் அவரும் பெயரோடு நிற்கவில்லை. எந்த மாதிரி இடம், எந்தப் பருவம், எப்படி நடந்துகொள்கிறது என்று குறித்து வைத்தார். ஜிபிஎஸ்ஸும் நொடி நேரமும் படத்துக்குள்ளேயே பதியும் காலத்தில் அவரைவிடக் குறைவாக எழுதுவதற்கு என்ன சாக்கு?

இரண்டாம் பதில்: ‘கொண்டாட்டம் இருந்தால்தான் ஆட்கள் வருவார்கள். பூஜ்யம் எழுத யார் வருவார்?’ இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், ஏனென்றால் வந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்துப் பூச்சி ஆர்வலர் சங்கம் ஒன்று, பெரும்பாலும் நம்மைப் போன்ற அமெச்சூர்கள், 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரே மாதிரிப் பொறிகளை வைத்து விழுந்ததை எடை போட்டது. 1989 முதல் 27 வருடம். 2017-இல் அந்தத் தரவைக் கூட்டிப் பார்த்தபோது பறக்கும் பூச்சிகளின் எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. உலகம் திடுக்கிட்டது. அந்தச் செய்தி வந்தது புதிய வகையிலிருந்து இல்லை, சலிக்காமல் அதே பொறியை அதே மாதிரி வைத்ததிலிருந்து.

இன்னொருவர் சார்லஸ் ஆண்டர்சன், மாலத்தீவில் வாழ்ந்த கடலியலாளர். நன்னீரே அரிதான அந்தத் தீவுகளுக்கு அக்டோபர் வாக்கில் தும்பிகள் கூட்டமாக வருவதைப் பார்த்து, வந்த தேதியை வருடா வருடம் எழுதினார். முதலில் தென்னிந்தியா, பிறகு மாலே, பிறகு தெற்குத் தீவுகள் என்று தேதிகள் நகர்வது தெரிந்தது. இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவரை போய், தலைமுறைகள் மாறித் திரும்பும் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் சுற்றுப் பயணம் இது என்று 2009-இல் எழுதினார். பூச்சி எது? பாண்டலா. தாழப் பறந்தால் மழை வரும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் காட்டுவார்களே, அந்தக் கூட்டங்களில் பார்க்கும் அதே சாதாரணத் தட்டான். நம் கணக்கெடுப்பில் ‘ஓ, இதுவா’ என்று கேமராவைத் திருப்பிக்கொள்வோம்.

2021 டிசம்பரில் முதன்முறையாக உலகத் தும்பிகள் அனைத்தையும் மதிப்பிட்டு ஐ.யூ.சி.என். அறிவித்தது: 6,016 வகைகளில் 16 சதவீதம் அழியும் ஆபத்தில். அந்தச் செம்பட்டியலில் ‘தரவு போதாது’ என்று ஒரு பிரிவும் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று எழுதும் அந்த நேர்மைதான் நான் இங்கே கேட்பது.

எனவே என் கோரிக்கை சின்னது. மூன்று நாளில் முழுக் காட்டையும் ஓடிப் பார்ப்பதற்குப் பதில், ஒரு குழு ஓர் ஓடை. 100 மீட்டர் நீளம், ஒரு மணி நேரம். தொடங்கிய நேரம், முடித்த நேரம், வெயிலா மேகமா, பார்த்த எல்லா வகையும், சாக்கடைத் தும்பி உட்பட. தேடியும் கிடைக்காதவற்றுக்கு நேரே 0. கிடைத்தால் உரித்த தோல் ஒரு தீப்பெட்டியில். அதே ஓடைக்கு ஜூனில், ஆகஸ்டில், அக்டோபரில், ஜனவரியில். காட்டுக்குள் போக அனுமதி கிடைக்கவில்லையா, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஓடும் ஓடையை எடுத்துக்கொள்ளுங்கள்.  பத்து ஓடை, பத்து வருடம். இதற்கு நிதி வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். ஒரு எக்செல் தாள் போதும்.

இப்படிச் செய்தால் முதல் மூன்று வருடம் செய்தித்தாளுக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. நான்காவது வருடம் ஒருநாள், மேலே எங்கோ ரிசார்ட்டுக்குச் சாலை வெட்டிய மண் ஓடைக்குள் இறங்கியிருக்கும். யூஃபேயாவுக்கு நேரே 7, 9, 8 என்று இருந்த கட்டத்தில் 0 விழும். அடுத்த முறையும் 0. அதை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கோ பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ போகலாம். ‘அரிய வகை எதுவும் காணப்படவில்லை’ என்ற வரிக்கு எதிரே வைக்க நம்மிடம் ஒரு தாள் இருக்கும். இன்றைக்கு நம்மிடம் இருப்பது அழகான படங்களும் ‘நான்கு வகை கூடுதல்’ என்ற வரியும்தான். அவற்றை வைத்து எந்த ஓடைக்காகவும் வாதாட முடியாது.