மாமரத்துக்குப் பெரிய எழுத்து வேண்டாம்

ஆங்கிலத்தின் 'ப்ராப்பர் நவுன்' என்பதைச் 'சிறப்புப்பெயர்' என்று சொல்லிப் பாடம் நடத்துவதை நாம் நிறுத்த வேண்டும். கோலார் தங்கவயலில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையாக இதை எழுதுகிறேன்.

நன்னூல் வழிவந்த இலக்கணப்படி 'மரம்' இடுகுறிப் பொதுப்பெயர். 'மா', 'பனை' இடுகுறிச் சிறப்புப்பெயர்கள். 'பறவை' காரணப் பொதுப்பெயர். 'மரங்கொத்தி' காரணச் சிறப்புப்பெயர். இதை ஒழுங்காகப் படித்த பிள்ளையிடம் ஆங்கிலத்தில் சிறப்புப்பெயரின் தொடக்கத்தில் பெரிய எழுத்து ('கேப்பிடல் லெட்டர்') போடு என்றால், 'மேங்கோ'வுக்கும் 'வுட்பெக்கரு'க்கும் பெரிய எழுத்தைத்தான் போடும். தமிழைக் கருத்தாய்ப் படித்ததற்காக ஆங்கிலத்தில் மதிப்பெண் இழக்கும். இது அநியாயம்.

தமிழ் இலக்கணம் இங்கே ஓர் இனத்துக்குள் இருக்கும் வகையைப் பிரிக்கிறது. ஆங்கிலம் கேட்பதோ, இது ஓர் ஆளுக்கோ இடத்துக்கோ அமைப்புக்கோ சூட்டிய பெயரா என்று. உலகத்து மாமரங்கள் எல்லாவற்றுக்கும் 'மேங்கோ' பொது. ஆகவே சின்ன எழுத்து. வகுப்பில் நான் 'சூட்டிய பெயர்' என்றே சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு டெல்லிவரை போக வேண்டியதில்லை. 'மைன்' எந்தச் சுரங்கத்துக்கும் பொது. 'மைசூர் மைன்' ஒன்றுதான். 'ஷாஃப்ட்' பொது, எங்கள் ஊர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் 'கிஃப்போர்ட் ஷாஃப்ட்' சூட்டிய பெயர். பேட்டைகள் எத்தனையோ, ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் எங்களுடையவை. 'கோல்டு' என்று உலோகத்தைச் சொன்னால் சின்ன எழுத்து. அதுவே 'கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்' என்ற ஊர்ப்பெயரிலும், 2001இல் சுரங்கத்தை மூடிய 'பாரத் கோல்டு மைன்ஸ்' நிறுவனத்தின் பெயரிலும் பெரிய எழுத்தாகிறது. தாத்தா வேலைபார்த்த இடத்தின் பெயரை வைத்துச் சொன்னால் பிள்ளைக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடுகிறது.

தமிழிலும் கன்னடத்திலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. ஜெர்மன் மொழியிலோ எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்து. இது அந்தந்த மொழியின் வழக்கம் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் மிரளமாட்டார்கள். ஆங்கில வழக்கத்தில் கிழமை, மாதம், மொழி ஆகியவற்றின் பெயர்களுக்குப் பெரிய எழுத்து உண்டு. கோடை, குளிர்காலம் போன்ற பருவங்களுக்குப் பொதுவாக இல்லை. இவற்றைத் தனியே சொல்லிப் பழக்க வேண்டும்.

இது சின்ன விஷயம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சுரங்கம் மூடியபின் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே முதலில் போவது அவர்கள் எழுதிய விண்ணப்பம். சொந்த ஊர்ப்பெயரைச் சின்ன எழுத்திலும் 'ஒர்க்கர்' என்பதைப் பெரிய எழுத்திலும் எழுதினால், திறமையைப் பார்க்குமுன்பே சிலர் அதை ஒதுக்கிவிடுவார்கள்.

பாடநூல் எழுதுவோர் இரண்டு காரியம் செய்யட்டும். 'சிறப்புப்பெயர்' என்ற சொல்லை அதன் தமிழ் இலக்கணப் பொருளுக்கே விட்டுவிடட்டும். பயிற்சிப் பக்கத்தில், பிள்ளைகள் தங்கள் தெரு, கடை, ரயில் நிலையப் பெயர்களைத் தாங்களே எழுத இடம் விடட்டும்.