புகார் வரவில்லையே, அப்புறம் என்ன?

வலைச்செயலியைச் சர்வரில் ஏற்றிய மறுநாளே நிரலாளர்கள் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வரும்: "எல்லாம் ஒழுங்காத்தான் ஓடுது, யாரும் புகார் சொல்லலையே!" இதைவிட ஆபத்தான வாக்கியம் மென்பொருள் துறையில் இல்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இணையத்தில் பிள்ளை அழுவதே இல்லை. பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பணம் கட்டும் பொத்தானை அழுத்தியதும் வெள்ளைத் திரையைப் பார்த்தவர் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்க மாட்டார். மூடிவிட்டுப் போவார். அதை அமைதி என்று நினைத்துக்கொண்டால் யார் என்ன செய்வது?

அடுத்த வீடே இல்லாதவர்கள் பாடு இன்னும் மோசம். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. 36 மாநிலங்களின் மக்கள் அதை நம்பியிருந்தார்கள். முதல் நாளில் காப்பீட்டில் சேர முடிந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆறே ஆறு பேர்! கூட்டம் அதிகம் என்று சமாதானம் சொன்னார்கள். கூட்டம் வந்தது உண்மைதான். ஆனால் மீட்புக் குழு உள்ளே போய்ப் பார்த்தபோது, எங்கே தாமதம், எங்கே பிழை என்று ஒரே பார்வையில் காட்டும் டாஷ்போர்டு கூட அங்கே இல்லை. கோடிக்கணக்கான டாலர் கொட்டிச் செய்த வண்டி... வேகம் காட்டும் முள் இல்லை! அதைப் பொருத்துவதே அவர்களின் முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் வெளியான அரசு அறிக்கைப்படி, 8 விநாடியாக இருந்த பதில் நேரம் 1 விநாடிக்குள் வந்தது. 6 சதவீதமாக இருந்த பிழை விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழே போனது. அளந்தார்கள், குறைந்தது.

"லாக் ஃபைல் எழுதுகிறோமே" என்பார்கள். யாரும் திறந்து பார்க்காத லாக், பிரேதப் பரிசோதனைக்குத்தான் உதவும். அதிலும் பயனரின் பிரவுசருக்குள் உடையும் ஜாவாஸ்கிரிப்ட் பிழை, தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால் சர்வர் லாகுக்கு வரவே வராது. பிழையைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிடும் நிரலும் அப்படித்தான். சென்ட்ரி போன்ற கருவிகள் ஒரே பிழையின் ஆயிரம் நிகழ்வுகளை ஒன்றாகத் தொகுத்து, எந்த வெளியீட்டில் ஆரம்பித்தது, எந்த வரியில் உடைகிறது என்று கையில் கொடுக்கின்றன.

"சராசரி வேகம் நன்றாக இருக்கிறதே" என்பது அடுத்த சமாதானம். சின்னக் கணக்கு: 100 கோரிக்கைகளில் 95க்கு 0.2 விநாடி, மீதி 5க்கு 20 விநாடி. சராசரி 1.2 விநாடிதான். பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் அந்த ஐந்து பேர் யார்? பெரும்பாலும் கணக்கில் அதிகத் தரவு சேர்ந்திருக்கும் பழைய வாடிக்கையாளர்கள். அதிகம் நம்பியவர்களுக்கே அதிக தண்டனை! நூறில் தொண்ணூற்றொன்பது பேருக்கு எத்தனை விநாடிக்குள் பதில் கிடைத்தது என்று கேட்டால்தான் இது வெளியே தெரியும்.

"எச்சரிக்கை மின்னஞ்சல் வைத்தாயிற்று" என்பவர்கள் கிட்லேப் கதையைப் படிக்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்பை எடுக்கலாம் என்று போனால், தினசரி பேக்கப் பதிப்புப் பொருத்தமின்மையால் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாரையும் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. இத்தனையையும் மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டது பாராட்டத்தக்கது. ஆனால் பாடம் ஒன்றுதான்: சோதித்துப் பார்க்காத எச்சரிக்கை மணி வெறும் அலங்காரம்.

கண்காணிப்புக்கும் ஒழுக்கம் வேண்டும் என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. 2018 மே மாதம் ட்விட்டர் தன் பயனர்கள் எல்லோரையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது. காரணம், உள் லாகில் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் பதிவாகியிருந்தன. எதைப் பதிவு செய்யக்கூடாது என்பதையும் முதல் நாளே முடிவு செய்ய வேண்டும் என்பதற்குத்தான் இது உதாரணம். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்கு இது அனுமதிச் சீட்டு ஆகாது.

கல்லூரி ப்ராஜெக்ட் வைவாவில் லாகின் பக்கம் காட்டு, ரிப்போர்ட் பக்கம் காட்டு என்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இது உடைந்தால் உனக்கு எப்படித் தெரியும்?" பதில் சொல்ல ஒரு எளிய வழி இருக்கிறது. வேண்டுமென்றே ஒரு பிழையை உள்ளே விட்டு ஐந்து நிமிடம் காத்திருக்கலாம். யாருடைய போனும் அடிக்கவில்லை என்றால் அந்தச் செயலி இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை.