நெடுந்தீவுக்குச் செல்லத்தக்க பருவம்

யூபிலி ஆண்டிலே எம் கல்லூரி மாணவரை நெடுந்தீவுக்கு அழைத்துச் செல்லவேண்டுமென்னும் விருப்பம் பழைய மாணவர் பலருக்கு உண்டு. அதனை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆயின், ஆகஸ்டு விடுமுறையிற் செல்வதே வசதியென்று அவர்கள் கூறுவதை எம்மால் ஏற்க முடியவில்லை.

ஆகஸ்டு சோளகக் காற்றின் காலம். முல்லைத்தீவுக் கடலிற் பழகிய மாணவருக்கு அக்காற்றைப் பற்றிய அச்சம் இராது. அங்கு சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அதுவே கடல் அடங்கியிருக்கும் காலம். மேற்குக் கரை மீனவர் அங்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்வதும் அப்பொழுதுதான். நெடுந்தீவுக் கடலோ இதற்கு மாறானது. குறிகட்டுவானிலிருந்து தென்மேற்கு நோக்கிச் செல்லும் படகு, ஏறக்குறைய ஒரு மணிநேரம் அக்காற்றை எதிர்த்தே ஓடவேண்டும். ஆனி மாதத்தில் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு அதே துறையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் செல்லவில்லையா எனக் கேட்பாரும் உளர். நயினாதீவு கண்ணெதிரே கிடக்கும் தீவு. அதனைக் கொண்டு நெடுந்தீவுப் பயணத்தை அளத்தல் பொருந்தாது.

கடலச்சத்தையேனும் பொறுத்துக்கொள்ளலாம், எமது மறுப்புக்கு முதன்மையான காரணம் தண்ணீர். நெடுந்தீவு முருகைக்கல்லாலான தரை. ஆறில்லை, எமது இரணைமடுவைப் போன்ற குளமுமில்லை. மாரியிற் பெய்த மழை கல்லிடுக்குகளில் இறங்கி, உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கின்றது. அதை மிகையாக இறைத்தால் உவர் மேலெழும். ஆடி, ஆவணியில் புல் கருகிக் கேணிகள் வற்றிவிடும். வறட்சி மிக்க ஆண்டுகளில், அத்தீவுக்குப் புகழ்தந்த மட்டக்குதிரைகளே நீரின்றி மடிந்திருக்கின்றன. அத்தகைய வேளையில் நூறு பேர் சென்று கைகால் கழுவிக் குளித்து வருவது விருந்தினர்க்கு அழகாகுமா? தண்ணீர்த் தட்டுப்பாடு வன்னியிலுள்ள எமக்குப் புதியதன்று. கேட்டால் இல்லையென்னாது அள்ளிக் கொடுக்கும் வீட்டுக்காரியின் நிலையையும் நாம் அறிவோம்.

டிசம்பர் விடுமுறையைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. வாடைக் காற்றும் மழையும் சேர்ந்த காலம் அது. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எமது வடபகுதியையும் தாக்கிச் சென்றதை முதியோர் மறந்திரார்.

எஞ்சுவது மாசியும் பங்குனியும். வாடை தணிந்து சோளகம் தொடங்காத இடைக்காலம் அது. மாரி மழையின் ஈரம் நிலத்தில் இன்னும் நிற்கும். குதிரைகள் மேய்ச்சலிற் காணப்படும். சாந்தின்றி அடுக்கிய கல்மதில்களையும், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடுகளையும், பருத்த அடியுடைய பெருக்குமரத்தையும் வெயிலுக்கு அஞ்சாது நடந்தே பார்க்கலாம். முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றனவே என அதிபர் தயங்கக்கூடும். போட்டி முடிந்த வாரத்தில் இரண்டு நாள்களை ஒதுக்குவதாற் பாடம் கெட்டுவிடாது. புவியியலாசிரியர் உடன் சென்றால் அதுவே பாடம். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவும் இப்பருவத்திலேயே வருவதாற் குறிகட்டுவான் துறையில் அந்நாள்களில் நெருக்கடி மிகும். அதனை மாத்திரம் விலக்கிக்கொள்ள வேண்டும்.

எப்பருவத்திற் சென்றாலும் படகு அத்தீவாருக்கே உரியதென்பதை மாணவர் உணர்தல் வேண்டும். நோயாளரும் ஆசிரியரும் அரிசி மூட்டையும் செல்வது அதில்தான். 1985 மே 15இல் குமுதினிப் படகிற் கொல்லப்பட்டவர்கள் அவ்வாறு அன்றாடப் பயணம் மேற்கொண்டவர்களே. புறப்படுமுன் அச்செய்தியை மாணவருக்குச் சொல்லுதல் ஆசிரியர் கடமை.

ஆகவே எண்பது மாணவரை ஒரே படகில் ஏற்றாது, நாற்பது நாற்பதாக இரு நாள்களில் அனுப்பலாம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் பூநகரி வழியாக யாழ்ப்பாணஞ் செல்லுதல் எளிதாயிற்று. விடியுமுன் பரந்தனைக் கடந்துவிட வேண்டும். குடிநீரை இங்கிருந்தே கலன்களிற் கொண்டுசெல்லலாம். அச்செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்குமாயின், பயண நாளை அதிபர் தைப்பொங்கலுக்கு முன்னரே அறிவித்துவிடலாம்.