கைப்பிடி இல்லாத பம்பும், "வெள்ளைக்காரன் சுத்தம்" என்ற கதையும்

1/ லண்டன் போன நம்மாளுங்க ஊர் திரும்பினதும் ஒரு டயலாக் சொல்வாங்க: "என்ன சுத்தம் சார்! அது அவங்க ரத்தத்துலயே இருக்கு." ஒரு மருத்துவரா இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ சோஹோ பகுதியில கார்னபி தெரு பிரபலம். துணிக்கடை, விளக்கு அலங்காரம், செல்ஃபி கூட்டம். அதோட தெற்கு முனையைத் தாண்டி ரெண்டு எட்டு வச்சா பிராட்விக் தெரு. அங்க ஓரமா ஒரு பழைய மாடல் தண்ணி பம்பு நிக்குது. அதுக்குக் கைப்பிடி கிடையாது. பெரும்பாலானவங்க அதைக் கவனிக்காமலே நடந்து போயிடுறாங்க.

3/ 1854ல் இந்தத் தெருவுக்குப் பேர் பிராட் தெரு. ஆகஸ்ட் 31 ராத்திரி காலரா வெடிச்சுது. 250 கஜ தூரத்துக்குள்ள, 10 நாள்ல 500 பேருக்கு மேல செத்தாங்க. மொத்தக் கணக்கு 616. தீவிர காலராவில் ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டர் வரைக்கும் உடம்புத் தண்ணி போகலாம். காலையில நல்லா இருந்தவர் ராத்திரிக்குள்ள பிணம். வீடு வீடா இப்படித்தான் நடந்துச்சு.

4/ அந்த "சுத்தமான ரத்தம்" அப்ப எங்க போச்சு? வீட்டுக்கு அடியில மலக்குழி, பக்கத்துலயே குடிதண்ணிக் கிணறு. ஊர் மொத்தக் கழிவும் தேம்ஸ் ஆத்துல. பல தண்ணி கம்பெனிங்க அதே ஆத்துத் தண்ணியை எடுத்துத்தான் வீடுகளுக்கு வித்தாங்க. இதுதான் 170 வருஷத்துக்கு முந்தைய லண்டன்.

5/ அன்னிக்குப் பெரிய மனுஷங்க என்ன சொன்னாங்க? கெட்ட காத்து, நாத்தம், ஏழைங்களோட அழுக்குப் பழக்கம். ஜான் ஸ்னோ என்ற மயக்க மருந்து டாக்டர் மட்டும் "தண்ணியைப் பாருங்க"ன்னார். விக்டோரியா மகாராணிக்குப் பிரசவத்துல குளோரோஃபார்ம் கொடுத்த அதே ஸ்னோ.

6/ அவர் செத்தவங்களைப் பழிக்கல, எண்ணினார். போலந்து தெருவுல இருந்த ஏழைகள் விடுதியில 535 பேர். செத்தது 5 பேர்தான். அங்க தனிக் கிணறு இருந்துச்சு. பக்கத்து மதுபான ஆலையில 70க்கு மேல தொழிலாளிங்க. யாரும் சாகல. அவங்க பீர் குடிச்சாங்க, அந்தப் பம்பு பக்கமே போகல. ஆனா தூரத்துல ஹாம்ப்ஸ்டெட்டில் வசதியா இருந்த ஒரு விதவை, அந்தத் தண்ணி ருசின்னு தினம் வண்டியில வரவழைச்சுக் குடிச்சார். செத்துப் போனார்.

7/ நல்லா யோசிங்க. "அழுக்கான" ஏழைகள் விடுதி பிழைச்சுது, வசதியான வீட்டம்மா செத்தாங்க. ஒழுக்கமா காப்பாத்துச்சு? குழாய்தானே காப்பாத்துச்சு!

8/ செப்டம்பர் 7 ஸ்னோ போய்ப் பேசினார், 8ஆம் தேதி பம்பு கைப்பிடியைக் கழட்டினாங்க. "ஒரே டாக்டர், ஒரே நாள், காலரா ஓடிடுச்சு"ன்னு வாட்ஸ்அப்ல சுத்துற கதை தப்பு. அதுக்குள்ள பாதி ஜனம் ஊரை விட்டு ஓடியாச்சு, நோயும் குறைய ஆரம்பிச்சாச்சு. இதை ஸ்னோவே நேர்மையா எழுதி வச்சிருக்கார்.

9/ அப்போ கழட்டினது வீணா? இல்ல. ஹென்றி வைட்ஹெட் என்ற அந்த ஏரியா இளம் பாதிரியார் முதல்ல ஸ்னோ சொன்னதை நம்பவே இல்ல. தப்புன்னு நிரூபிக்கப் போய், வீடு வீடா விசாரிச்சு, கடைசியில அவரே மூலத்தைக் கண்டுபிடிச்சார். 40ஆம் நம்பர் வீட்டுக் கைக்குழந்தைக்குப் பேதி. துணி அலசின தண்ணி வீட்டு மலக்குழிக்குப் போச்சு. அந்தக் குழிக்கும் கிணத்துக்கும் இடையில சுமார் 3 அடிதான். குழந்தையோட அப்பா படுத்தது, கைப்பிடி கழட்டின அதே 8ஆம் தேதி. பம்பு ஓடிட்டு இருந்திருந்தா ரெண்டாவது ரவுண்டும் வந்திருக்கலாம்.

10/ அரசு ஸ்னோ சொன்னதை ஏத்துக்கல. 1858ல் 45 வயசுல அவர் போய்ச் சேர்ந்தார். அதே கோடையில தேம்ஸ் நாறி, நாறி, நாடாளுமன்றத் திரைச்சீலையையே மருந்துல முக்கித் தொங்கவிடுற நிலைமை. தங்கள் மூக்குக்கு வந்தப்பதான் காசு ஒதுக்கிச் சட்டம் போட்டாங்க. ஜோசப் பசல்ஜெட் 82 மைலுக்குச் செங்கல்லால பாதாளப் பெருஞ்சாக்கடை கட்டினார்.

11/ அந்த வேலை முழுசா முடியாத கிழக்கு லண்டன்ல 1866ல் காலரா திரும்ப வந்து 5,500 பேருக்கு மேல கொன்னுச்சு. சாக்கடை இணைச்ச பகுதிங்க பெரும்பாலும் தப்பிச்சுது. அதே ஊரு, அதே ஜனங்க, அதே ரத்தம். வித்தியாசம் பூமிக்கு அடியில.

12/ இன்னும் ஒண்ணு. அந்தச் சாக்கடை இன்னிக்கும் ஓடுது. ஊர் பெருத்துப் போனதால மழை பெஞ்சா பொங்கி, மலம் மறுபடி தேம்ஸுக்கே போச்சு. அதுக்காக 25 கிலோமீட்டர் புதுச் சுரங்கம் தோண்டி, 2025லதான் முழுசா இணைச்சாங்க. பராமரிக்கலன்னா லண்டனும் நாறும். சுத்தம் பரம்பரைச் சொத்து கிடையாது, மாசா மாசம் கட்ட வேண்டிய பில்லு.

13/ "ஜனங்களுக்கு ஒழுக்கம் இல்ல சார்" என்பது 1854லயே தோத்துப்போன வாதம். கை கழுவுங்க, தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க, நானும் தினம் சொல்றேன். ஆனா மலக்குழியையும் கிணத்தையும் 3 அடி தள்ளி வச்சுட்டு, பேதி வந்தவங்களைப் பாத்து "உன் பழக்கம் சரியில்ல"ன்னு சொல்றவர் எந்த ஊர்ல இருந்தாலும், அவர் ஸ்னோ பக்கம் இல்ல. கெட்ட காத்து கட்சிதான்.

14/ அடுத்த தடவை லண்டன் போனா, கார்னபி தெருவுல செல்ஃபி எடுங்க, தப்பில்ல. அப்படியே நடந்து போய் அந்தப் பம்பு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. பக்கத்துலயே ஜான் ஸ்னோ பேர்ல ஒரு பப்பு. மனுஷன் பல வருஷம் மதுவைத் தொடாதவர்! பார்த்துச் சிரிங்க. அப்புறம் குனிஞ்சு தரையைப் பாருங்க. நீங்க புகழ்ற சுத்தம் அங்க, கால்களுக்குக் கீழதான் இருக்கு.

முடிந்தது. பிடிச்சிருந்தா, "ரத்தத்துலயே இருக்கு"ன்னு சொல்ற அந்த நண்பருக்கு அனுப்புங்க.