மாரியும் துவிச்சக்கர வண்டியும்: கடமை யாருக்கு?

மாரி வருவதைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. ஆனால், ஐப்பசியிற் பெய்யப்போகும் மழைக்கு ஆவணியிலேயே ஆயத்தஞ் செய்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆண்டுதோறும் அதே மாதத்தில் வரும் விருந்தாளியைக் கண்டு ஆண்டுதோறும் திகைத்து நிற்கும் வீட்டுக்காரனை உலகம் என்ன பெயரால் அழைக்கும்? நமது உள்ளூராட்சிச் சபைகளையும் அப்பெயரால் அழைக்க நமக்கு உரிமை உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே துவிச்சக்கர வண்டி பொழுதுபோக்குப் பொருளன்று. 1990 இன் பின் எரிபொருள் மறுக்கப்பட்ட ஆண்டுகளில் நோயாளியையும் நெல் மூடையையும் சுமந்தது அது. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்த இரவில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் அவர்கள் உருட்டிச் சென்றதும் அதுவே. 2022 இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது பலரும் மீண்டும் நாடியதும் அதனையே. இன்றும் பாடசாலைப் பிள்ளையும், கமக்காரனும், கடைச் சிப்பந்தியும் மாரி முழுவதும் அதன்மேல்தான் செல்கின்றனர்.

வழக்குரைத்துப் பழகியவனாதலால், ஓட்டுபவர் பக்கத்துத் தவறுகளை முதலில் ஒப்புக்கொள்கின்றேன். நனைந்த றிம்மைப் பிறேக் கட்டை உடனே பற்றாது. நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னரே மெல்ல அழுத்தி, றிம்மிலுள்ள நீரைத் துடைத்த பின்னரே இறுகப் பிடித்தல் வேண்டும். ஒரு கையிற் குடை பிடித்துச் செல்பவருக்கு ஒரு பிறேக்கே மிஞ்சும். காற்றுக் குடையைப் புரட்டினால் அதுவும் மிஞ்சாது. டைனமோவோ நனைந்த ரயரில் வழுக்கும். வண்டி நின்றால் விளக்கும் அணையும். ஆகவே, பின்னால் வரும் லொறிச் சாரதியின் கண்ணுக்குத் தெரிய, பின் மட்காட்டில் ஒளிபட்டால் மின்னும் சிவப்பு வில்லையும், பற்றரி விளக்கும் இருத்தல் அவசியம். வல்லை வெளியில் வாடைக்காற்று பருத்தித்துறைக்குச் செல்வோரின் முகத்தில் அறையும். பண்ணைப் பாலத்திலோ இருபுறமும் கடல். காற்றை மறைக்க ஒரு மரமில்லை. அத்தகைய வேளையில் இறங்கி உருட்டிச் செல்வதில் மானக்கேடு எதுவுமில்லை.

இவை யாவும் ஓட்டுபவரின் கடமை. ஆயின், அவர் கடமை எங்கே முடிகின்றது? நீருக்கு அடியில் மறைந்த குழியை எத்துணை விழிப்புள்ளவரும் காண முடியாது. வெள்ளம் மூடிய தெருவோரத்தில், தார் முடிந்து வாய்க்கால் தொடங்கும் இடத்தையும் எவரும் அறியார். அதற்கு அஞ்சி அவர் வீதியின் நடுவுக்கு வருகின்றார். பின்னால் பஸ் வருகின்றது. நடுவில் ஓட்டியது அவருடைய குற்றமாகப் பதியப்படும். அவரை நடுவுக்குத் தள்ளிய வெள்ளத்தையும், அவ்வெள்ளத்தைத் தேங்க விட்டவரையும் விசாரிப்பார் யார்?

சட்டத்தில் ஐயம் எதுவும் இல்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரத்தோடு பொது வீதிகளையும் சபையின் பொறுப்பிலேயே வைத்துள்ளது. பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், அடுத்த தரத்தன மாகாணத் திணைக்களத்துக்கும், எஞ்சிய தெருக்களும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சிச் சபைகளுக்கும் உரியன. ஆனால், மழைநீர் இந்த எல்லைகளைப் படித்து ஓடுவதில்லை. ஒழுங்கையில் தேங்கிய நீர் பெருவீதியின் மதகு அடைபட்டதால் தேங்கியதாயின், மூவரும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டித் தப்பிக் கொள்கின்றனர்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 ஆந் திகதித் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் அங்கு இல்லை. அதுவரை அது ஒரு சாட்டாக இருந்தது. இன்று அச்சாட்டும் இல்லை. நமது மண்ணை நாமே ஆளவேண்டும் என மேடைதோறும் முழங்குகின்றோம், நானும் முழங்கியவனே. அக்கோரிக்கை நியாயமானது. ஆயினும், கையிலிருக்கும் சிறிய அதிகாரத்தைக் கொண்டு ஒரு வாய்க்காலைத் தூர்வார மாட்டாதவர்கள், பெரிய அதிகாரத்தை எந்த முகத்தோடு கேட்பது?

வேண்டுவன மூன்று. புரட்டாதி முடியுமுன் வட்டாரந்தோறும் குழிகளை எண்ணி நிரப்புதல். மூன்று அதிகாரிகளையும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் ஒரே மேசையில் இருத்தி, மதகுகளையும் வடிகால்களையும் துப்புரவாக்குதல். பிள்ளைகள் ரியூசன் முடிந்து மாலையில் திரும்பும் தெருக்களில் விளக்கெரியச் செய்து, வாய்க்கால் ஓரங்களுக்கு வெள்ளை அடித்தல். இவற்றுக்குக் கோடிகள் வேண்டியதில்லை; மனம் வேண்டும்.

மனம் வராத உறுப்பினருக்கு ஒரு வழி சொல்வேன். கார்த்திகை மாதத்து மழை மாலையொன்றில், தமது வட்டாரத்தை ஒருமுறை துவிச்சக்கர வண்டியிற் சுற்றி வரட்டும். எந்த மனுவும் கற்பிக்காததை அந்த ஒரு மாலை கற்பிக்கும்.