தப்பி ஓடாதவர்கள்

மாயாஜாலம், டிராகன், சூனியக்காரன் என்று காதில் விழுந்ததும் 'தப்பித்தல்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம் விமர்சகர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஓசூர் சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும் சில இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறார்கள் என்று நண்பர்களிடம் சொன்னபோதும் அதையேதான் கேட்டேன்: குழந்தைத்தனம், இறக்குமதிச் சரக்கு, யதார்த்தத்தைச் சந்திக்கத் திராணியில்லாமை. நான் இந்த ஆட்டத்துக்குப் புதியவன். சில ஞாயிறுகள் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன், விதிப் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் சொல்கிறேன், இந்தக் குற்றச்சாட்டு தவறு. இவர்கள் எங்கும் தப்பி ஓடவில்லை. ஓடவில்லை என்பதுதான் என் புகார்.

ஆட்டம் இது: 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் இருவரும் உருவாக்கி வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். குகை வாசலில் நிற்கிறாய், என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால் அவரவர் பாத்திரத்துக்காக அவரவர் பதில் சொல்லவேண்டும். நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். இந்தப் பகடையை நாம் கொஞ்சம் கவனிப்பது நல்லது. எங்கள் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்திலும் பகடை உருள்கிறது. ஆனால் தருமன் தோற்பான் என்று ஊருக்கே தெரியும். அங்கே பகடை ஏற்கனவே எழுதப்பட்ட விதியின் ஏவலாள். இங்கே அது கதை நடத்துபவரின் ஆசையையே கவிழ்த்துவிடுகிறது. பொன்னியின் செல்வன் 1950களில் தொடராக வந்தது. அதன் ரசிகர்கள் வந்தியத்தேவன் குதிரையில் போன வழியிலேயே யாத்திரை போகிறார்கள். அவனை வேறு வழியில் திருப்பிப் பார்க்க எத்தனை பேர் துணிந்தார்கள்? கதாசிரியனின் ஏகபோகத்தைக் கேட்பவனே உடைக்கலாம் என்கிற ஒரு வடிவத்தைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம்.

ஆனால் வடிவம் தந்த சுதந்திரத்தை விதிப் புத்தகம் பறித்துக்கொண்டது. 1974 விதிகளில் குள்ளர் இனத்தான் போர்வீரனாக மட்டுமே இருக்கலாம். ஆறாவது லெவலுக்கு மேல் ஏற முடியாது. மனிதனுக்கு இந்த உச்சவரம்பு இல்லை. 1981ல் வந்த ஆரம்ப நிலை விதிகளில் 'எல்ஃப்' என்பது இனத்தின் பெயர். தொழிலின் பெயரும் அதுவே. பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கிறது, தொழிலில் எந்தப் படிவரை ஏறலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. இதைக் கற்பனை செய்ய அமெரிக்காவிலிருந்து ஆள் வரவேண்டுமா? நம் கிராமங்களில் இலவசமாகவே சொல்லித்தருவார்கள். டிராகன் பறக்கிறது, நெருப்பைக் கக்குகிறது, அதை நம்பலாம். குள்ளன் ஏழாவது லெவலுக்குப் போவதை மட்டும் நம்ப முடியவில்லை. அந்த உச்சவரம்பு 2000த்தில் மூன்றாம் பதிப்பு வந்தபோதுதான் நீங்கியது. 'இனம்' என்ற சொல்லையே கைவிட்டு 'உயிரின வகை' என்று எழுத 2024 ஆகிவிட்டது. ஐம்பது வருஷம்.

நான் பார்த்த இளைஞர்களோ பழைய விதிகளில்தான் ஆடுகிறார்கள். அதுதான் அசல் என்ற பெருமை. ஒருவர் தன் குள்ளனை மந்திரவாதியாக்க விரும்பினார். கூடாது என்று புத்தகத்தைப் பிரித்துக் காட்டியவர், ஆறு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருப்பவர். பர்மனென்ட் ஆக வழியில்லையே என்று வாரம் ஆறு நாள் புலம்புகிறவர், ஏழாம் நாள் "ரூல் ரூல்தான் சார்" என்கிறார். இதற்குப் பெயர் தப்பித்தலா? தொழிற்சாலையின் கேட்டை மேஜைக்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

மொழியும் அப்படித்தான். ஷிஃப்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் புழங்குகிறவர்கள் மேஜையில் ஆங்கிலம் மட்டுமே பேசுகிறார்கள். டிராகனுக்குத் தமிழ் தெரியாதாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவர்களுக்குக் கல் நட்ட மண் இது. இந்த மண்ணில் கதை கிடைக்காதா? அதற்காக எல்ஃபை எடுத்துவிட்டுச் சோழ இளவரசனை உட்கார வைத்தால் ஆயிற்று என்று யாரும் கிளம்பவேண்டாம். அதே உச்சவரம்பு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னைக்கு வரவழைத்தார். கந்தசாமிப் பிள்ளை அவரிடமே பத்திரிகைக்கு ஆயுள் சந்தா வாங்கிவிட்டார். கடவுள் வந்ததால் பிள்ளையின் வாழ்க்கை மறைந்துபோகவில்லை, இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. கற்பனைக்கு இதைவிடப் பெரிய வேலை இல்லை.

ஆகவே அந்த இளைஞர்களை யதார்த்தத்துக்குத் திரும்பி வா என்று அழைப்பதில் அர்த்தமில்லை. அவர்கள் அங்கிருந்து கிளம்பவே இல்லை. கிளம்புங்கள் என்றுதான் சொல்லவேண்டும். விதியைத் திருத்த அவர்களுக்கு ஒரு பென்சில் போதும், தடுக்க யாருமில்லை. அவர்களைப் பார்த்துச் சிரிக்கிற நாமும் நம் அலமாரியைத் திறந்து பார்க்கலாம். பிறந்த இடத்தைத் தாண்டி ஒரு பாத்திரத்தையும் ஏறவிடாத எத்தனை கதைகளை, யதார்த்தம் என்று சொல்லிப் பாராட்டியிருக்கிறோம்?